அதே அளவு, வேறு அறை

ஜூன் 11

எலிக்கூண்டுகளைக் கழுவி முடிக்கவே மதியம் ஆகிவிட்டது. மாலையில் தினகரன் சார் கூப்பிட்டார். ஊசி போதைக்கு அடிமையாவதைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரை ஆய்விதழிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. உங்கள் எலி தனியாக ஒரு பெட்டியில் இருக்கிறது, மருந்து வருகிறது, வாங்கிக்கொள்கிறது, மனிதன் அப்படியா வாழ்கிறான் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

"பெட்டிக்கு வெளியே இருக்கறதை யாராவது சேர்த்துப் பார்த்திருக்காங்களா? பழைய ஆய்வெல்லாம் தேடிப் படி ஜாக்குலின்" என்றார்.

இந்த ஆராய்ச்சியில் நான் சேர்ந்தபோது தம்பி சாலமன் உயிரோடு இருந்தான். அவனுக்காகத்தான் சேர்ந்தேன். சாருக்கு அது தெரியாது.

ஜூன் 13

படித்தேன். திரும்பத் திரும்ப அதையே படித்தேன்.

அபின் வகை மருந்துக்கு எலிகளைப் பழக்குகிறார்கள். உடம்பு தாங்கக் கற்றுக்கொள்கிறது. பிறகு பாதி எலிகளுக்குப் பழகிய அறையிலேயே ஊசி, மீதிக்கு வேறொரு அறையில். அதே மருந்து, அதே அளவு. வேறு அறைக்குப் போனவை அதிகமாகச் செத்தன. மருந்து வரும் இடம் என்று உடம்பு எதை அறிந்து வைத்திருக்கிறதோ, அங்கே முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. புது இடத்தில் அந்தத் தயாரிப்பு இல்லை.

சாலமன் செத்தது எங்கள் வீட்டில் இல்லை. எளாவூரில்.

ஜூன் 16, ஞாயிறு

வீட்டுக்கு வந்தேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து லைட்ஹவுஸ் குப்பமே கலகலவென்று இருக்கிறது. நைனா இன்று கடலுக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போனார். அம்மா போகவில்லை. சாலமனைப் புதைத்ததிலிருந்து அவள் பூசைக்குப் போவதில்லை. கருவாட்டைப் புரட்டிப் போட்டபடி இருந்தாள்.

போன அக்டோபரில் நான் விடுதியில் இருந்தேன். வலை வைக்கும் கொட்டகையில் அவன் மாத்திரையைக் கரைத்து ஊசி ஏற்றிக்கொள்வதை அம்மா பார்த்துவிட்டாள். "செத்தாலும் சாவு, என் கண்ணு முன்னால வேணாம்" என்று கத்தி, அன்றைக்கே எளாவூருக்குப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அங்கே ஆந்திர எல்லைச் செக்போஸ்ட் பக்கம் போலீஸ் நடமாட்டம் இருக்கும், பையன் பயப்படுவான் என்று கணக்குப் போட்டாள். மறுநாள் அவன் எழுந்திருக்கவில்லை.

வேண்டுமென்றே அதிகமாகப் போட்டுக்கொண்டான் என்று ஊர் சொன்னது. அம்மாவும் அதைத்தான் நம்புகிறாள். "நான் வாயால சொன்னேன். அவன் செஞ்சு காட்டிட்டான்."

ஜூன் 22

முத்துவைப் பார்த்தேன். தம்பியின் கூட்டாளி. அம்மணி அக்கா மகன். ஏரிப் பக்கம் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்திருந்தான். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. எதற்கென்று எனக்குத் தெரியும்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அவன் அன்னிக்கு ஜாஸ்தி போட்டானா?"

"இன்னாத்துக்குக்கா இப்போ?"

"சொல்லுடா."

தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான் குட்த்து அனுப்பினேன். இங்க போடறதுதான்க்கா. ஒரு பொட்டு கூட ஜாஸ்தி இல்ல. அவன் சாவணும்னு போகல. திங்கக்கெழம வந்துடறேன்டா, நைனா கூட வலைக்குப் போவணும்னு சொல்லிட்டுப் போனான்."

தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவும் பெண்கள் எங்களைப் பார்த்தார்கள்.

ஜூன் 23

அம்மாவிடம் சொல்லவா?

சொன்னால் — அவன் சாக நினைக்கவில்லை என்று தெரியும். அந்த முள் போகும்.

சொன்னால் — அனுப்பியதால் செத்தான் என்று தெரியும். அந்த முள்ளுக்கு நான் எங்கே போவேன்?

சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

ஜூலை 5

சாரிடம் என் திட்டத்தைச் சொன்னேன். எலிகள் கூட்டமாக ஒரே வீட்டில் வளரட்டும். மருந்துக்கு அங்கேயே பழகட்டும். பிறகு வேறு தரை, வேறு வாசனை, வேறு வெளிச்சம் உள்ள அறைக்கு மாற்றிப் பார்ப்போம்.

சிரித்தார். "எலி பொன்னேரியில ரயில் ஏறி ஊர் மாறாதேம்மா."

"மனுஷன் மாறுவான் சார். வீட்டுல சண்டை வந்தா மாத்திடுவாங்க."

என் குரல் சரியாக இல்லை போல. சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"செத்ததை எண்ண வேணாம் சார். அது பழைய ஆய்வுலயே இருக்கு. மூச்சை அளக்கலாம். குறைஞ்சா உடனே முறிவு மருந்து போட்டு எழுப்பிடலாம். ஒரு எலியும் சாக வேண்டியதில்லை."

எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நெறிமுறைக் குழு ஒத்துக்கொண்டால்தான்.

ஆகஸ்ட் 9

ஒத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 17

இன்று முதல் எலி புது அறைக்குப் போனது. பழகிய அளவுதான். சற்று நேரத்திலேயே திரையில் மூச்சின் கோடு தாழ்ந்தது. அலைகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. எலி பார்ப்பதற்கு நிம்மதியாகத் தூங்குவதுபோல்தான் கிடந்தது.

தம்பியின் சாவு வீட்டில் பெரியம்மா சொன்னது மறுபடி காதில் கேட்டது. "கொறட்ட விட்டுனு நல்லா தூங்கறான்னு நெனச்சேன்டி. யாரும் எழுப்பக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டேன்."

முறிவு மருந்தைப் போட்டேன். கோடு எழுந்தது. எலி கண் திறந்து மூக்கால் துழாவியது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு எலியை எழுப்ப முடிகிறது. கதவைத் திறந்து யாராவது அவனை ஒரு உலுக்கு உலுக்கியிருந்தால்?

இப்போதெல்லாம் ரயிலில் யார் தூங்கினாலும் அவர்கள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன்.

செப்டம்பர் 30

கூடவே வளர்ந்த எலி ஒன்றையும் துணைக்கு அனுப்பிப் பார்த்தோம். மூச்சு அதே அளவுதான் குறைகிறது. நான் வேறு மாதிரி வரும் என்று ஆசைப்பட்டிருந்தேன். நான் கூடப் போயிருந்தால் என்று...

சார் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வந்ததை எழுது. வேணுங்கறதை எழுதாதே." அதட்டிச் சொல்லவில்லை. தம்பியைப் பற்றி அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 4

நைனா போன் செய்தார். முத்துவும் ஊசியும் கையுமாக மாட்டிக்கொண்டானாம். நாளைக்கு அவனை அனுப்பம்பட்டில் மாமன் வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறார்களாம். "அம்மணி அழுதுனு துணிமணி மூட்ட கட்டறா" என்றார்.

உடனே கிளம்பிவிட்டேன். வேறு வழியில்லை.

அக்டோபர் 5

காலையில் அம்மாவிடம் சொன்னேன். எலி, அறை, மூச்சு, முத்து சொன்னது எல்லாம். அவள் மீன் கூடையை இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அவன் சாவணும்னு போட்டுக்கல."

"இல்லமா."

"நான் சொன்னத வெச்சு இல்ல."

"இல்லமா."

அவள் முகம் ஒரு கணம் தளர்ந்தது. பிறகு அது வந்தது. வரும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"அப்போ நான் அங்க அனுப்பினதுல போயிட்டான்."

அது மாத்திரையால்மா, இடமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், எலியை வைத்து ஒரு மனுஷனைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது — எல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. இல்லை என்ற ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தாள். அதை என்னால் சொல்ல முடியவில்லை. ஐயோ, பொய்தான் சொன்னா இன்னா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கூடையை இறக்கி வைத்தாள். கையைக் கூடக் கழுவாமல் நடந்தாள். அம்மணி அக்கா வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. முத்து உள்ளே உட்கார்ந்திருந்தான்.

"அம்மணி, அனுப்பாத."

"உனக்கு இன்னா செசிலியா. ஊரே காறித் துப்புது."

"துப்பட்டும். நானும் அதுக்குத்தான் அனுப்பினேன். என் புள்ள போன எடத்துல செத்துட்டான். உடம்புக்குப் பழகாத எடமாம், ஜாக்குலின் சொல்றா. உன் புள்ளைய இங்கயே வெச்சுக்கோ. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு நானும் கூட வர்றேன்."

தெருவே நின்று கேட்டது. அம்மா யாரையும் பார்க்கவில்லை. ஆட்டோவிலிருந்து முத்துவின் பையை அவளே எடுத்துக் கீழே வைத்தாள்.

அக்டோபர் 12

முத்துவை அரசு ஆஸ்பத்திரியில் போதை மீட்புப் பிரிவில் காட்டினோம். அம்மணி அக்காவும் அம்மாவும் நானும். தினம் மருந்து. வீட்டிலிருந்தே வரலாம் என்றார்கள். டாக்டரிடம் அம்மாதான் நிறையக் கேள்வி கேட்டாள்.

என்னோடு இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 24

முத்து ஒரு தடவை வழுக்கி ஊசியைத் தொட்டுவிட்டான். அவனே வந்து அவன் அம்மாவிடம் சொன்னானாம். மறுபடி ஆஸ்பத்திரி. உயிரோடு இருக்கிறான்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அம்மா எங்களோடு வந்தாள். தம்பிக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. நைனா கையை வைத்து மறைத்துப் பிடித்தார்.

அங்கிருந்தே பஸ் ஏறிப் போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பினாள். எளாவூருக்குப் போனாளாம். இந்த ஒரு வருஷமாகப் பெரியம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லை.

சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ஆனால் என்னிடம்தான் சொன்னாள்.

"அவன் படுத்துனு இருந்த ரூம்ல நல்லா காத்து வருதுடி. அக்கா வேணாம்னா. நான்தான் கொஞ்ச நேரம் படுத்துனு இருந்தேன்."

பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள்.