ரங்கூனில் நான் பார்க்காத வீடு

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது, மாப்ள. நீ போனதிலிருந்து உன் அக்காவிடம்கூட உன்னைப் பற்றி நான் பேசியதில்லை. இன்று மழை ஈரத்தில், நீ அவளுக்குக் கொண்டுவந்த தேக்குப் பெட்டி மணக்கிறது. அந்த வாசனை வந்துவிட்டால் நான் திருமங்கலத்தில் இருப்பதில்லை. ரங்கூன் வீட்டின் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறேன். சன்னலுக்கு வெளியே ஆறும் மழையும் ஒரே நிறம். எங்கோ கப்பல் ஊதுகிறது. கண்ணால் பார்க்காத அந்த வீட்டில் எந்தப் படி முனகும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

எல்லாம் நீ சொன்னதுதான். அழகர்கோவில் சாலையில் மாட்டுவண்டியில் போகும்போது சொன்னாய்.

"கீழ ஒரு குடி, மேல ஒரு குடி. நீங்க இங்க படுத்துத் தூங்குங்க மச்சான், வாடகை கப்பல்ல வரும். அங்க மழைன்னா அம்புட்டு மழை!"

"வீட்டை வாங்கச் சொல்றியா, மழையை வாங்கச் சொல்றியா?"

சிரித்துக்கொண்டேதான் வாடிப்பட்டி வயலை விற்று உன் கையில் கொடுத்தேன்.

யுத்தம் நெருங்கியபோது வீட்டை விற்றுவிடு என்றேன். ஆளும் கிடைத்தான். காலி வீடாக வேண்டும் என்றான். ஊருக்கு வந்திருந்த நீ தலையாட்ட மறுத்தாய்.

"கீழ் வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா மச்சான். நம்ம பக்கத்துப் பொண்ணு. பெத்து எந்திரிக்கட்டும்."

"அவ பெக்குறதுக்கு என் வயலா கெடச்சுச்சு?"

"அக்கா வயித்துல புள்ள இருக்கயில இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்க விட்டீகளா நீங்க?"

அடுப்படியில் உன் அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. ரங்கூனுக்குத் திரும்பக் கிளம்பும்போது "வாரேன் மச்சான்" என்றாய். நான் நிமிரவில்லை. அந்த மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. மாடி எரிந்தது. காட்டுவழியே நடந்து வந்து சேர்ந்தவர்களில் நீ இல்லை.

கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைக்காதே. வாடிப்பட்டி வழியாக பஸ்ஸில் போனால் இன்றும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

நேற்று ரங்கூனிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். கீழ்வீடு நிற்கிறதாம். அந்தப் பெண்ணும் அங்கேதான். தெருவில் யாராவது நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தால் அவளுடைய சின்ன மகள், "அம்மா, வீட்டுக்காரவுக வந்துட்டாக!" என்று உள்ளே ஓடி ஒளிகிறாளாம்.

இரவு கனவில் அந்த வாசலுக்குப் போனேன். படியேறத் தோன்றவில்லை. மழையில் நனைந்தபடி திரும்பிவிட்டேன்.

உனக்கு வேறு விலாசம் எனக்குத் தெரியாது. இதை அந்த வீட்டுக்கே அனுப்புகிறேன். அவள் பிரித்துப் படிக்கட்டும், நீ எதற்காகப் பிடிவாதம் பிடித்தாய் என்று தெரிந்துகொள்ளட்டும். அடியில் என் பெயர் இருந்தால் இது வீட்டைக் கேட்டு வந்த வீட்டுக்காரன் கடிதமாகிவிடும். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.