லயத்தில் கம்பஸ் பிள்ளை இல்லையாம்

அன்பு மகள் கிருஷாந்திக்கு அம்மா எழுதுவது, மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம், நோர்வே குளிரில் நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எங்களுக்கும் சுகம்.

போனில் பேசினால் நீ கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், அப்பா படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இங்கே உடப்புசல்லாவைப் பக்கம் ஓயாத மழை. மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போதே கை நின்றுவிடுகிறது, கங்காணி “என்னா நாகலெட்சுமி, வேடிக்கையா பாக்குற” என்று சத்தம் போடுகிறார். நீ சொன்னதே காதில் கேட்கிறது. போன வருஷம் நோர்வேயிலிருந்து உங்கள் கம்பஸ் சேரோடு நம் தோட்டத்து லய வீடுகளுக்கு வந்து கேள்வி கேட்டுப் போன வெள்ளைக்காரப் பிள்ளைகள் எழுதியதுதான் இப்போது அங்கே உன் சமூகவியல் வகுப்பில் பாடம் என்றும், அதில் இந்த லயத்தில் கம்பஸ் போன பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று இருக்கிறது என்றும் சொன்னாய். “என்னைய ஏம்மா மறைச்சீங்க” என்று கேட்டாய்.

ஆமாம், அந்தப் பிள்ளைகளிடம் மகள் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள் என்றுதான் சொன்னேன். உனக்குப் பரீட்சை நேரம், வாசலில் பாதி லயம் கூடி நிற்கிறது, எந்தத் தாய் பெருமை பேசுவாள்? எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் வாய்விட்டுச் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்று பயம். அடுத்த வீட்டு டோரீன் அக்கா வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், அவளே கம்பஸில் இருக்கும் தன் மகன் றொனால்டை மரக்கறி லொறியில் வேலைக்குப் போகிறான் என்றாள். இப்படி ஊரே சேர்ந்து உங்களை இல்லாமல் ஆக்கிவிட்டோமே.

ஆனால் நீயும் அந்த வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தேன் என்றாயே, அது ஏன்? நான் கண்ணூறுக்குப் பயந்தேன், நீ எதற்குப் பயந்தாய்? லயத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்றா?

அடுத்த வகுப்பில் எழுந்து, அது எங்கள் வீடு, அம்மா சொன்னது பொய், அந்தப் பிள்ளை நான்தான் என்று சொல். ஏன் மறைத்தாள் என்று கேட்டால் அதையும் சொல், அவர்களும் படிக்கட்டும். கண் பட்டால் படட்டும், நான் இங்கே மிளகாய் சுற்றிப் போடுகிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் பாணைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சோறாக்கிச் சாப்பிடு. அம்மன் உன் கூடவே இருப்பாள். வகுப்பில் சொல்லி முடித்ததும் எனக்குப் போன் எடு, மறக்காதே.

இப்படிக்கு,
கம்பஸில் படிக்கும் கிருஷாந்தியின் அம்மா
நாகலெட்சுமி