பக்கத்து நாட்டுக்குப் போய்வந்த சின்னவளுக்கு

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். உன் பெரியண்ணன் மகள் நர்சிங் முடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள், டாக்டரே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாராம். அவள் தம்பி ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கியிருக்கிறான், கடைக்குப் போய்வா என்றால் மட்டும் கால் வலிக்கும். உன் அக்கா மகன் பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கிறான், ஐந்தாவதோடு நின்ற எனக்குப் பன்னிரண்டைத் தாண்டாது. யார் வந்தாலும் இதையெல்லாம் சொல்லிவிட்டு, என் கடைசி மகள் வெளிநாட்டில் மேல்படிப்புப் படிக்கிறாள் என்று முடிப்பேன். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அப்பா படுக்கையில் கிடந்தபோது நீ போனில் அழுதாய். விசா தேதி முடிந்துவிட்டது, உள்ளேயே இருந்தால் படிக்கலாம், வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள் என்றாய். அதை நான் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். பெத்த அப்பா முகத்தைவிடப் படிப்பு பெருசா என்று உன் அண்ணி கேட்டபோது, சட்டம் உனக்கென்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன். கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர், சின்னவளா, என்பார். இல்லைங்க, மீட்டர் பார்க்க வந்தவர், என்பேன். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். போன வாரம் உன் அறைத்தோழியின் அம்மா துக்கம் கேட்க வந்து, கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது, பாவம், மனசு மாறட்டும்னு பிள்ளைங்க அவளையும் அங்கேருந்து பக்கத்து நாட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அருவி காட்டிட்டு வந்தாங்க என்றார். நீ அருவி பார்க்கப் போனபோது அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அண்ணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாளே டிக்கெட் போடும் ஏஜெண்டிடம் போய் உட்கார்ந்தேன். உங்க பொண்ணு பொய் சொல்லல பாட்டி என்றார். காலேஜ் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால், விசா முடிந்திருந்தாலும் பக்கத்து நாட்டுக்குக் கொஞ்ச நாள் போய்வரச் சலுகை உண்டாம், சொந்த நாட்டுக்கு வந்தால் அது இல்லையாம். அடுத்த வீட்டுக்குப் போனால் கதவைத் திறப்பான், அம்மா வீட்டுக்குப் போனால் பூட்டிவிடுவானா, இது எந்த ஊர் நியாயம் என்றேன். நானா பாட்டி எழுதினேன் என்று சிரித்தார். சிரித்தவர் வாயைச் சும்மா வைத்திருக்கலாம். பக்கத்து நாட்டிலேயே நீ படிக்கும் நாட்டின் தூதரகம் இருக்கிறது, அங்கேயே புது விசா கேட்டு நிற்கலாம், கிடைத்தால் இங்கே வந்துவிட்டுத் திரும்பலாம் என்றார். அப்படியென்றால் அப்பா உயிரோடு இருந்தபோதே ஒரு வழி இருந்திருக்கிறது. உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை. அவ்வளவு படித்த பிள்ளை ஒருவரைக் கேட்டிருக்கலாமே.

அங்கே கேட்டு மறுத்துவிட்டால் அந்தச் சலுகையும் போய்விடும், படிப்பு பாதியில் நிற்கும் என்றும் சொன்னார். தெரிந்துதான் எழுதுகிறேன். அடுத்த லீவுக்கு மறுபடி அங்கே போ, அருவிக்கு இல்லை, அந்த வரிசைக்கு. உன் அப்பாவுக்காகச் செய்யாததை எனக்காகச் செய் என்று கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கும் வயதாகிறது, அடுத்த முறை அண்ணி வாயை அடைக்க நான் இருக்க மாட்டேன்.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. கோபத்தில் எழுதினாலும் பெற்ற வயிறு உன்னை வாழ்த்தத்தான் வாழ்த்தும், தீர்க்காயுசாக இரு. விசாவுக்குப் புதுப் படம் எடுக்க வேண்டுமாம், அதில் பல் தெரியச் சிரிக்கக் கூடாதாம். அந்தப் படத்தில் ஒன்றை எனக்குத் தபாலில் அனுப்பு. வேறு எந்தப் படமும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா