பதினேழு எழுத்துத் துண்டு

செவ்வாய், வெள்ளவத்தை.

கோபத்தில் எழுத்து கோணலாகப் போகிறது. மாலை சோதனைச் சாவடியில் பொலிஸ்காரன் என் கைப்பையிலிருந்த காகிதத் துண்டை எடுத்து, "மேக்க மொகத்த, நோனா?" என்றான், இது என்னவென்று. நான் வேலைசெய்யும் கார்க் கடை முதலாளி விற்கவிருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பதினேழு எழுத்துச் சேசிஸ் நம்பர் என்றேன். முதலெழுத்து நாடு, பத்தாவது எழுத்து தயாரித்த வருடம். அவன் நம்பவில்லை. புலிகளின் இரகசியக் குறிப்பாம். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கிருந்து முதலாளிக்குப் போன் எடுத்தேன்.

"எனக்கொண்டும் தெரியாது, மிஸ். என்னை இதுக்குள்ள இழுக்காதேங்கோ."

துண்டைத் தந்ததே அவர்தான். ஏழு வருடம் அவருக்குக் கார்களின் நம்பரை வாசித்து, நாடும் வருடமும் சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் ஒரு சார்ஜன்ட் தன் ஜீப்பின் பொனெற்றைத் திறந்து, அதே மாதிரி நம்பரைக் கண்டபிறகே என்னை விட்டார்.

விற்பனைப் பத்திரத்தில் காரைத் தொண்ணூற்றெட்டு மொடல் என்று எழுதச் சொல்லியிருந்தார் முதலாளி. பத்தாவது எழுத்து தொண்ணூற்றைந்து என்கிறது. நாளை வாங்க வருபவருக்கு நானே வாசித்துக் காட்டுவேன், முதலாளியின் முன்னாலேயே.