மார்கழியில் ஓசூரில் பாட்டு கேட்கும் இடங்கள்

1-1-2005, சனி

பனி. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. இந்த டைரி மகன் கம்பெனியில் கொடுத்தது. எழுதப் படிக்கக் கற்றதே போன வருஷம்தான், வார்டு பள்ளி மாலை வகுப்பில். இப்போது நான் எழுதியதை நானே திரும்பப் படிக்கிறேன். புரிகிறது! சிரிப்பு வருகிறது. இவ்வளவு எழுதுவதற்குள் காப்பி ஆறிவிட்டது.

பாட்டு கேட்க இந்த ஊரில் எனக்குத் தெரியாத இடம் இல்லை. கல்யாண மண்டப வாசல், ஆர்க்கெஸ்ட்ரா. (பெண் வீட்டார் நம்மை மாப்பிள்ளை வீடு என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்பார்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.) மலைக்கோயில் நாதஸ்வரம். ஆயுத பூஜைக்குக் கம்பெனி வாசல்கள். தேர் சமயம் கன்னட நாடகம். ரேடியோ சேர்த்தி இல்லை. ஆள் எதிரில் நின்று மூச்சு வாங்கிப் பாட வேண்டும்.

ஆனால் இது மார்கழி. கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் பூட்டு. பாட்டென்று தினம் இருப்பது விடியற்காலைத் தெரு பஜனை ஒன்றுதான். அதற்கு நான் போவதில்லை. என் மனைவி ருக்கு போகிறாள். இந்த வருஷம்தான் பாட ஆரம்பித்திருக்கிறாள்.

2-1, ஞாயிறு

குளிர். மப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நின்று பார்த்தேன். முன்னால் ஆர்மோனியக்காரர் நாகராஜ ராவ். பெயரை முழுதாக எழுத மனமில்லை, இனி நா.ரா. கம்பெனிக் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி இல்லை. தலை படிய வாரியிருக்கிறார். கழுத்தில் சிவப்புப் பட்டை, பட்டையில் பெட்டி. அவர் முதல் அடி எடுத்துக் கொடுக்கிறார், பக்கத்தில் ருக்கு பிடித்துக்கொள்கிறாள். கன்னடப் பாட்டு. அவள் பிறந்த ஊர் ஆனேக்கல். என்னைக் கட்டிக்கொண்டு பர்கூர் கல்குவாரிக்கு வந்தபின், மகனோடு இந்த ஊருக்கு வரும்வரை, அவளோடு கன்னடம் பேச ஆள் இல்லை.

குரல் நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம்.

டீக்கடைக்காரர் சத்தமாக: "என்னா பெரியவரே, ஊட்டுக்காரம்மா அங்க பாடறாங்க, நீங்க இங்க ஒளிஞ்சினு நிக்கறீங்க?"

வீட்டில் கேட்டேன். "இத்தன வருசத்துல எனக்கு ஒரு பாட்டு பாடியிருக்கியா?"

"நீங்க கேட்டீங்களா? ஊரான் பாட்டுன்னா பஸ் ஏறிப் போவீங்க."

4-1, செவ்வாய்

ரேஷன் கடை. சர்க்கரை இல்லை. சாயங்காலம் அவளிடம் சொல்லாமல் ஐயப்பன் கோயில் செண்டை மேளம் கேட்கப் போனேன். நல்ல மேளம். காதில் ஏறவில்லை.

திரும்பினால் அவள் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "ராவ் அண்ணா என்னா சொன்னாரு தெரியுமா? சென்னாகிதேன்னாரு."

நன்றாக இருக்கிறதாம். அதை நானும் சொல்லியிருப்பேன். அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். இருந்தாலும்.

6-1, வியாழன்

ஜால்ரா போடுகிறவர் மாலை போட்டுக்கொண்டு சபரிமலை போய்விட்டாராம். "நான் போடறன்" என்றேன். ருக்கு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஜால்ரா போடுகிறவன் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கலாம். அதை மட்டும் சொல்லவில்லை.

8-1, சனி

இன்று நடுவில் நான்! கை தானாக ஓடியது. ஆர்க்கெஸ்ட்ரா கேட்டுக் கேட்டு ஊறிய கை. நா.ரா.வுக்கு வியர்த்தது, இந்தக் குளிரில்.

தெரு பஜனையில் ஜால்ரா போகிற வேகத்துக்குத்தான் எல்லார் காலும் போகும் என்று எனக்குத் தெரியாது. விளக்குத் தட்டோடு வாசலுக்கு வந்தவர்கள் எங்கள் முதுகைத்தான் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தட்டோடு பின்னாலேயே ஓடி வந்தாள்: "என்னாடி இது, பஜனை போவுதா, பஸ்ஸு போவுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். ருக்கு சிரிக்கவில்லை. இரைத்தது. மூன்றாம் தெருவில் பாட்டை விட்டுவிட்டாள். இருமல்.

9-1, ஞாயிறு

ருக்குவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கையால்தான் பேசுகிறாள். என்னிடம் கையாலும் இல்லை. மிளகு, மஞ்சள், பால் கொடுத்தேன். குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு நா.ரா. வந்தார், அதிமதுரம் வாங்கிக்கொண்டு. அது எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது. உட்காரச் சொன்னேன். உட்காராமல் போயிருக்கலாம். உட்கார்ந்தார்.

"யஜமானரே, ஜால்ரா ஓடினா காலு ஓடும். காலு ஓடினா பாடறவங்களுக்கு மூச்சு எங்க நிக்கும்? ஸ்வல்ப மெல்ல. ருக்கம்மா முகத்தப் பார்த்துப் போடுங்க. என் முகத்தயே பார்க்காதீங்க."

நான் பார்த்துக்கொண்டே இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

10-1, திங்கள்

ருக்கு இல்லாத பஜனை. நா.ரா.வே பாடினார். தகரம். சந்தோஷமாக இருந்தது, பாதித் தெரு வரைக்கும். அதன்பின் அதில் கேட்க ஒன்றுமே இல்லை, காலடிச் சத்தம்தான். ஓசூரில் இன்று பாட்டு கேட்க இடமே கிடையாது.

மத்தியானம் ருக்கு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் தட்டிப் பழகினேன். அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னும் மெல்ல" என்றாள். கரகரத்த குரல். பேசிவிட்டாள்!

12-1, புதன்

வெந்நீர், அதிமதுரம். குரல் முக்கால்வாசி வந்துவிட்டது. நாளையோடு பஜனை முடிகிறது. "போவணும்" என்கிறாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவளுக்காகவா எனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. இன்னொரு தம்ளர் வெந்நீர் வைத்தேன்.

13-1, வியாழன், போகி

பனியோடு புகை. தெருவெல்லாம் பழம்பாய் எரிகிற வாசனை. புகைக்கு ருக்குவின் வாயில் என் மப்ளரைக் கட்டிவிட்டேன். பாடும்போது அவிழ்த்து என் தோளில் போட்டாள். எல்லார் எதிரிலும்.

மெதுவாகப் போட்டேன். வீட்டுக்கு வீடு நின்றோம். விளக்கு, கற்கண்டு. அவள் முகத்தையே பார்த்தேன். கடைசித் தெரு முனையில் ஒரு வரியை நீட்டினாள். மூச்சு போதாது போலிருந்தது. நான் கையை நிறுத்திவிட்டேன், அவள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. பக்கத்தில் ஆர்மோனியமும் நின்றது. நா.ரா.வும் கையை எடுத்திருக்கிறார். யாரும் நடக்கவில்லை. அவள் குரல் மட்டும், கொஞ்சம் உடைந்து, தெருவின் அந்தக் கடைசி வரை.

இவ்வளவு வருஷத்தில் இந்த மாதிரி நான் கேட்டதில்லை. எங்கேயும்.

அவரும் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு. அதுதான் பிடிக்கவில்லை.