கொழுக்கட்டைக்குள்ள ஒளிச்சு வச்சது

சேசு மரி சூசை துணை

அனுமந்தன்பட்டி,
கல்லறைத் திருநாளுக்கு மூணு நாளு முன்ன

அன்பு மக அருள்செல்விக்கும் மாப்பிள்ளை ஆண்டனி ராஜுக்கும் அப்பா பங்கிராஸ் எழுதுறது. நா இங்கன எந்திரிச்சு நடமாடிக்கிட்டுத்தான் இருக்கேன், படியேறும்போது முட்டி மட்டும் கெட்ட வார்த்தை பேசுது, நீங்க ரெண்டு பேரும் அங்கன குளிருக்கு அடக்கமா சொகமா இருக்கணும்னு மாதாகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். போன் இருக்கையில எதுக்குக் காயிதம்னு கேப்ப. போன்ல பேசுனா நா கேலியில ஆரம்பிச்சு கேலியிலயே முடிச்சிருவேன், உனக்கே தெரியும். அஞ்சாப்பு படிச்சவன் எழுத்து, தப்பு இருந்தா சிரிச்சுக்க.

மழை நின்னபாடில்ல, திராட்சைப் பந்தல்ல கால் வைக்க முடியல, அதுக்கு நடுவுல நேத்து ஒரு வெயிலு அடிச்சுச்சு, அந்த நேரம் பாத்து அம்மா கல்லறைக்கு வெள்ளையடிச்சேன். பக்கத்து வீட்டு மொக்கம்மா இன்னும் காலையில வந்து சோறாக்கிட்டுப் போறா, அவ வைக்கிற ரசத்துல முகம் பாத்து நா சவரமே பண்ணிக்கலாம். உங்கம்மா இருந்தா இதுக்கு எனக்குத்தான் திட்டு விழுகும். நீ ஜெர்மனியில நர்சு வேலைக்கு ஒவ்வொரு ஊரா மாறுனப்பல்லாம் அவளுக்கு ஒரே கவலை, அங்கன என்னத்தத் திங்கிறாகங்கிறதுதான். மொதல்ல ஹாம்பர்க்குன்னே, அங்கன மீன வேக வைக்காம ஊறப்போட்டு பன்னுக்குள்ள வச்சுத் திங்கிறாகன்னு சொன்னே, அன்னைக்குப் பூரா அவளுக்குச் சோறு எறங்கல. அப்புறம் கொலோன், அங்கன ஆப்பிளையும் உருளைக்கெழங்கையும் மசிச்சு, ரத்தத்தைக் கொடல்ல அடைச்சுப் பொரிச்சு அதோட வச்சுட்டு, வானமும் பூமியும்னு பேரு சொல்லுவாகன்னே. நம்ம ரத்தப்பொரியல் மாதிரியாடின்னு கேட்டுட்டுத்தான் அம்மாளுக்கு உசுரு வந்துச்சு. ஏத்தா, ஒரே நாட்டுக்குள்ள ஊருக்கு ஊரு இப்படியா மாறும்னு நாந்தான் கேட்டேன். ஏம்ப்பா, நம்ம வருசநாட்டு மாமா கம்பத்துக்குப் பொண்ணு பாக்க வந்து, கொழம்பு பூராத் தேங்காயாக் கெடக்குன்னு சண்டை போட்டுட்டுப் போகலையான்னு என்னையவே மடக்குனே.

கடைசியா ஸ்டுட்கார்ட். அங்கன மாவுக்குள்ள கறியும் கீரையும் வச்சு மடிச்சு அவிப்பாக, அந்தக் காலத்துச் சாமியாருக தவக்காலத்துல கறி ஆண்டவர் கண்ணுல படாம இருக்க அப்படி ஒளிச்சுத் தின்னாகளாம், அதனால ஆண்டவரை ஏமாத்துறதுன்னே அதுக்கு ஒரு பட்டப்பேரு உண்டுன்னு சொன்னே. நா மூணு தரம் திருப்பிச் சொல்லச் சொல்லி வயிறு நோகச் சிரிச்சேன். சிரிக்காதீக, நாக்கு அழுகிப் போகும்னு அம்மா சிலுவை போட்டா.

இப்பத்தான் ஆத்தா சொல்ல வந்ததுக்கு வர்றேன். அஞ்சு வருசங் கழிச்சு நீ உண்டாயிருக்கேன்னு சொன்ன மறுவாரம் விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குச்சு. எம்மக வயித்துப் பிள்ளை தங்கணும், நாப்பது நாளும் கறி மீனு முட்டை தொடமாட்டேன்னு அம்மா ஒறுத்தல் எடுத்தா. அப்பவே ரத்தம் கொறைஞ்சு காய்ச்சலோட வெளுத்துக் கெடந்தா. ஈரல் குடுங்கன்னு டாக்டரம்மா சொன்னாக, இவ வாயத் தொறக்கல. எனக்கு அந்தச் சாமியாருக ஞாபகம் வந்துச்சு. மொக்கம்மாகிட்டச் சொல்லி ஆட்டு ஈரலை மையா அரைச்சு முருங்கைக்கீரையோட வதக்கி, கொழுக்கட்டைக்குள்ள வச்சு, கீரைக் கொழுக்கட்டைன்னு குடுத்தேன். காய்ச்சல் நாக்குக்கு ஈரல்னு தெரியல. ஒம்பது நாளு தின்னா. மொக்கம்மாளுக்கு இப்பத்தான் கைப்பக்குவம் கூடுதுன்னு மெச்சிக்கிட்டா. கன்னத்துல கொஞ்சம் நெறம் வந்துச்சு, நா பெரிய கெட்டிக்காரன்னு மீசையத் தடவிக்கிட்டேன்.

பத்தாம் நாளு உன் போன் வந்துச்சு, பிள்ளை கலைஞ்சிருச்சுன்னு. அம்மா எங்கையப் பிடிச்சு, என் ஒறுத்தல்ல எங்கனயோ கொறை வச்சுட்டேங்க, அதான் பிள்ளை தங்கலன்னா. அப்ப சொல்லியிருக்கணும். ஏலே பங்கிராசு சொல்லித் தொலைடான்னு நெஞ்சு அடிச்சுக்கிருச்சு, ஊரு பூரா வாயாடின்னு பேரெடுத்தவனுக்கு ஒரு சொல்லு வரல. அன்னையிலேருந்து அவ உப்பில்லாக் கஞ்சிதான் குடிச்சா. கொழுக்கட்டையும் வேணாம்னுட்டா, அத ஆசையாத் தின்னதுதான் அவ வச்ச கொறையாம். குருத்தோலை ஞாயிறு வரைக்கும் தாங்கல.

நீ அங்கன ரத்தம் ரொம்பப் போயி ஆஸ்பத்திரியில படுத்திருந்தே, மண்ணு போட வர முடியல. போன மாசம், என்னாலதான் அம்மா ஏங்கிச் செத்தாகன்னு அழுதே. நா அப்பவும், உங்கம்மா மோட்சத்துல பேதுருக்கு ரசம் வைக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருப்பான்னு கேலி பேசிப் போனை வச்சுட்டேன். உன்னால இல்லாத்தா. என் கொழுக்கட்டையாலயும் அதுக்கப்புறம் நா வாய மூடுனதாலயும்தான். பங்குச்சாமிகிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணுனேன். பிள்ளை கலைஞ்சதுக்கும் ஈரலுக்கும் சம்பந்தமில்ல, ஆண்டவர் அப்படிப் பழி வாங்குறவரில்லன்னு சொல்லி, ஒரு செபமாலை சொல்லச் சொன்னாக. ஒன்னே ஒன்னு, திராட்சை திருடுன பயலுக்கும் அதே ஒன்னுதான். அந்தச் சாமியாருக ஏமாத்துனது ஆண்டவரை, அவரு பெரியவரு, சிரிச்சுட்டு விட்டிருப்பாரு. நா ஏமாத்துனது உங்கம்மாளை. அவகிட்டக் கேக்காம விட்ட மன்னிப்ப உங்கிட்டக் கேக்குறேன். குடுக்க மனசு வரலைன்னாலும் போன மட்டும் எடு.

அம்மா உன் நெத்தியில போடுற மாதிரி இந்தக் காயிதத்து மேல ஒரு சிலுவை போட்டிருக்கேன், நெத்திய வச்சுக்க. ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் கைவிடமாட்டாரு. ரத்தத்துக்கான மாத்திரைய விட்றாத. வர்ற தவக்காலத்துல அம்மாளுக்காகவோ எனக்காகவோ நீ ஒறுத்தல் எடுக்கக் கூடாது, ஒடம்பு தேறணும். ஆண்டவரை ஏமாத்துற அந்த ஊரு பண்டத்தைத் தட்டுல வச்சு, நடுவுல வெட்டி, உள்ள என்ன இருக்குன்னு நல்லாப் பாத்துட்டுத் தின்னு ஆத்தா.

உன் அப்பன்
பங்கிராஸ்