துவைக்காத விரிப்பு

அன்பு மனைவிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். உன் இருமல் நின்றதா?

"பக்கத்து வீட்டு அக்கா ஊர்வம்பு பேசும்போது, மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்கிட்டே கேட்டா பாவமாங்க?" என்று ஒருமுறை கேட்டாயே. அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் இந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கிடைத்தது.

போன வாரம் துவைக்கும் இயந்திரம் பழுது. நோயாளிகள் படுத்த விரிப்புகளை வாசனைத் தண்ணீர் தெளித்து, துவைக்காமல் அப்படியே இஸ்திரி தேய்த்து அனுப்பச் சொன்னார் மேற்பார்வையாளர். "வெள்ளையாத்தானே இருக்கு வாத்தியாரே? யாருக்குத் தெரியப்போகுது?"

நின்ற இடத்திலேயே மனதுக்குள் ஜெபித்தேன். அவர் பேசப் பேச, என் கை அதுபாட்டுக்குப் பாதி விரிப்பைத் தேய்த்துவிட்டது! திடுக்கிட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதே. மேற்பார்வையாளர் என்னை இஸ்திரி மேசையிலிருந்து மாற்றிவிட்டார்; இப்போது நாள் முழுக்க நின்று ஈரத்துணி அள்ளுகிற வேலை. என் பழைய இடத்தில் இருப்பவர் எங்கள் ஜெபக்கூட்டத்தில் பாட்டு நடத்துகிறவர். அந்த விரிப்புகளையெல்லாம் ஞானப்பாட்டு முணுமுணுத்தபடியே தேய்த்து முடித்தவரும் அவர்தான். ஞாயிறன்று என் கையைக் குலுக்கி, "கர்த்தர் பாத்துப்பார் அண்ணே" என்றார். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பு. சுற்றிக் கட்ட உன் பழைய சேலைத் துணியும் கொஞ்சம் வை. இங்கே துணிக்குப் பஞ்சமில்லை, இருந்தாலும் அனுப்பு.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. அடுத்த முறை அக்கா வம்போடு வந்தால், முதலில் எழுந்து அடுக்களைக்குப் போ. ஜெபத்தை அங்கே போய்ப் பண்ணு.